47 ஒப்பந்தங்கள்: ஒரு சென்னைக் கட்டுமானக் கம்பெனியும் ஒரகடத்துத் தொழிற்சாலைச் சுவர்களும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவிலுக்குச் செல்லும் சாலையும் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஒரகடத்தையும், அதன் வடக்கே இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என விரியும் சிப்காட் தொழிற்பூங்காக்களையும் நாடு அறிந்திருப்பது அங்கு உருவாகும் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், கைபேசிகள் ஆகியவற்றின் பெயர்களால்தான். 1998-இல் ஹூண்டாயின் முதல் கார் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்ததும், 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும் 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும் ஒரகடத்தில் திறக்கப்பட்டதும் செய்தித்தாள்களில் முதல் பக்கம் பிடித்த நிகழ்ச்சிகள். ஏரிப் பாசன வயல்களாகக் கிடந்த களிமண் நிலத்தைக் கிராவல் கொட்டி உயர்த்தி, பைல் இறக்கி, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு, இரும்புச் சட்டகத்தின் மேல் தகடு போர்த்தி ஆலைகளாக எழுப்பிய கட்டுமானக் கம்பெனிகளின் பெயர்களோ வேலை நடக்கும் காலத்தில் வேலியில் மாட்டிய பலகையோடு வந்து, அந்தப் பலகை கழற்றப்பட்டதோடு போய்விடுகின்றன. கட்டுமானக் கம்பெனிகளின் வரலாறு தமிழில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருப்பதற்கு இந்த மறைவும் ஒரு காரணம். ஆனால் ஒரகடத்தில் இன்று எழும் ஒவ்வொரு சுவருக்கும் எப்படிப் பில் போடுவது, எதற்கு வரி கட்டுவது என்ற கணக்கின் வேர், சென்னையில் தொழில் நடத்திய அத்தகைய கம்பெனி ஒன்றின் 1949-50-ஆம் ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. கானன் டங்கர்லி அண்ட் கம்பெனி (மெட்ராஸ்) லிமிடெட் என்பது அதன் பெயர்.

அந்தக் கம்பெனிக்கு முந்திய காலத்தில் சென்னையின் பெரிய கட்டடங்களை எழுப்பியவர்கள் தனி மனிதர்களான ஒப்பந்தக்காரர்கள். பொதுப்பணித் துறையின் பொறியாளரும் கட்டடக் கலைஞரும் வரைபடம் தருவார்கள். செங்கல், சுண்ணாம்பு, மரம், கல், ஆள் எல்லாவற்றையும் திரட்டிக் கட்டிக்கொடுப்பது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. 1892-இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டியார் இந்த வகையினரில் தலைசிறந்தவர். கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய பெயர் அவருடையது. அந்தக் காலத்து வேலைக்குக் கொத்தனாரின் கைத்திறனும் மேஸ்திரியின் அனுபவமும் ஒப்பந்தக்காரரின் நாணயமும் போதுமானவையாக இருந்தன.

கம்பி வைத்த காங்கிரீட் வந்தபோது நிலைமை மாறியது. இழுவிசையைத் தாங்க இரும்புக் கம்பியையும் அழுத்தத்தைத் தாங்க காங்கிரீட்டையும் சேர்த்து வார்க்கும் இந்த முறையில், எந்த இடத்தில் எத்தனை கம்பி என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டும். ஆற்றுப் படுகையிலும் கடற்கரையிலும் பைல் இறக்க இயந்திரம் வேண்டும். பில் தொகை வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க முதல் வேண்டும். இவை மூன்றும் ஒரு தனி ஒப்பந்தக்காரரின் கையில் சேர்ந்திருப்பது அரிது. இந்தியாவின் முதல் தலைமுறைக் கட்டுமானக் கம்பெனிகள் பம்பாயில் அடுத்தடுத்துத் தோன்றியது அதனால்தான்: ஜான் கேமனின் கேமன் 1922-இல், கானன் டங்கர்லி 1924-இல், வால்சந்த் ஹீராசந்தின் ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் 1926-இல். கேமன், கானன் என்ற இரு பெயர்களின் ஒலி ஒற்றுமையால் பலர் குழம்புவதுண்டு. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். கானன் டங்கர்லியின் பெயரில் சென்னையில் பதிவான தனியார் லிமிடெட் கம்பெனி, கட்டடம், பாலம், அணை, சாலை, இரும்புக் கட்டமைப்பு என எல்லா வகை வேலைகளையும் எடுத்துச் செய்துவந்தது.

அந்தக் கம்பெனி வரலாற்றில் இடம்பெறக் காரணமானது விற்பனை வரி. 1937-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது கள்ளு, சாராய வருமானம் குறைந்தது; அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டியிருந்த அரசு, 1939-இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. மாகாணங்களுக்கு இந்த அதிகாரத்தைத் தந்தது 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம். அதன் மாகாணப் பட்டியலில் 48-ஆவது இனமாகச் ‘சரக்கு விற்பனை மீதான வரி’ இருந்தது. சட்டம் வந்த புதிதில் கடைக்காரர்கள் மட்டுமே அதன் வலைக்குள் இருந்தார்கள். 1947-இல் சென்னைச் சட்டமன்றம் செய்த திருத்தம் வலையை அகலமாக்கியது. கட்டடம் கட்டித்தரும் ஒப்பந்தத்தில் பயன்படும் சிமென்ட், செங்கல், கம்பி ஆகியவற்றின் உரிமை கட்டடத்தின் சொந்தக்காரருக்குப் போய்ச் சேருவதும் ஒரு விற்பனையே என்று அந்தத் திருத்தம் வகுத்தது. இவ்வாறு பொருளும் உழைப்பும் கலந்து ஒரு வேலையை முடித்துக்கொடுக்கும் உடன்படிக்கைக்குச் சட்ட வழக்கில் பணி ஒப்பந்தம் என்று பெயர்.

1949-50-ஆம் ஆண்டில் கானன் டங்கர்லியின் சென்னைக் கம்பெனி முடித்த ஒப்பந்தங்கள் 47. அவற்றில் பெரும்பாலானவை கட்டட வேலைகள். விற்பனை வரி அதிகாரிகள் அந்த ஆண்டின் வரவை எடுத்து, கழிவுநீர், குழாய் போன்ற சுகாதார வேலைகளில் 20 சதவீதத்தையும் மற்றவற்றில் 30 சதவீதத்தையும் கூலியென்று கழித்துவிட்டு, மீதியான ஏறத்தாழ 29.5 இலட்சம் ரூபாயைச் சரக்கு விற்றுமுதலாகக் கணக்கிட்டார்கள். இந்த விகிதங்கள் விதியில் எழுதப்பட்டவை. எந்த வேலைத்தளத்திலும் யாரும் கூலிப் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தவை அல்ல. அஸ்திவாரம் தோண்டியவர், சித்தாள், சாரம் கட்டியவர், கம்பி வளைத்தவர், பூச்சு வேலை செய்தவர் ஆகிய அத்தனை பேரின் உழைப்பும் அந்தக் கணக்கில் ‘30 சதவீதம்’ என்ற ஓர் இனமாகச் சுருங்கியது.

இதே வழக்கில் அதிகம் பேசப்படாத இன்னொரு தொகையும் உண்டு. உணவுப் பொருள்களுக்குப் பங்கீடு இருந்த அந்த ஆண்டுகளில், கம்பெனி தன் தொழிலாளர்களுக்குத் தானியம் வழங்கி அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபாய் பெறுமான அந்தத் தானியத்தையும் அதிகாரிகள் விற்பனையென்று கணக்கில் சேர்த்தார்கள். இலாபம் கருதாமல் கூலியாளுக்கு அரிசி அளந்து கொடுத்த கட்டுமானக் கம்பெனி தானிய வியாபாரி ஆகிவிடாது என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபட்டது. வரி வழக்கின் காகிதங்களுக்குள்ளிருந்து அந்தக் காலத்து வேலைத்தளத்தின் பசி எட்டிப்பார்க்கும் இடம் இது ஒன்றே.

வழக்கு முதலில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஒப்பந்தக்காரர் ஒருவர் கட்டித்தந்த அந்தச் செங்கல் மாளிகையில், ஒப்பந்தக்காரர் செய்வது வியாபாரமா வேலையா என்ற கேள்வி விவாதிக்கப்பட்டது. 1954-இல் உயர் நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளிக்க, மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 1958 ஏப்ரல் 1 அன்று வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.எல்.வெங்கடராம அய்யர். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை அம்பி தீட்சிதரிடம் பாடம் கேட்டவர், டி.கே.பட்டம்மாளுக்கு அவற்றைக் கற்பித்தவர், 1944-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் என்று இசையுலகம் கொண்டாடும் அதே மனிதரே இந்தியக் கட்டுமானத் தொழிலுக்கான அடிப்படைத் தீர்ப்பையும் தந்தார் என்பது தமிழ் வாசகர்கள் பலர் அறியாத செய்தியாக இருக்கக்கூடும்.

தீர்ப்பின் தர்க்கம் தெளிவானது. சரக்கு விற்பனை என்றால், ஓர் அசையும் பொருளை விலைக்குக் கொடுப்பதாக இருவர் உடன்பட வேண்டும். அந்த உடன்பாட்டின்படி அந்தப் பொருள், பொருளாகவே, ஒருவர் உரிமையிலிருந்து மற்றவர் உரிமைக்குப் போக வேண்டும். கட்டட ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் நிகழ்வதில்லை. சொந்தக்காரர் கேட்பது வரைபடத்தின்படி முடிந்த ஒரு கட்டடம். இத்தனை மூட்டை சிமென்ட், இத்தனை ஆயிரம் செங்கல் என்று அவர் விலை பேசுவதில்லை. செங்கல் சுவரில் பதிந்ததும் நிலத்தின் பகுதியாகி, அதன் வழியாகவே நிலத்துக்காரருக்கு உரியதாகிறது. கல்யாண வீட்டுச் சமையலை மொத்தமாகப் பேசி எடுக்கும் தலைமைச் சமையற்காரர் பருப்பையும் நெய்யையும் வீட்டுக்காரருக்கு விற்றார் என்று எவரும் சொல்வதில்லை. பந்தியில் பரிமாறியதற்கே அவருக்குப் பணம். கட்டட ஒப்பந்தமும் அவ்வாறே ஒற்றையானது, முழுமையானது, பிரிக்க முடியாதது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆகவே அதிலிருந்து பொருளை மட்டும் பிரித்தெடுத்து விற்பனை என்று வரி போடும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு இல்லை என்று தீர்ப்பு கூறியது. பொருள் விற்பனையையும் வேலையையும் தனித்தனி உடன்பாடுகளாக இருவரே எழுதிக்கொண்டிருந்தால் மட்டும் விற்பனைப் பகுதிக்கு வரி செல்லும்.

அடுத்த கால் நூற்றாண்டுக்கு ஒப்பந்த ஆவணங்கள் எழுதப்பட்ட முறையையே இந்தத் தீர்ப்பு வழிநடத்தியது எனலாம். பொருளுக்கு ஒரு விலை, வேலைக்கு ஒரு விலை என்று பிரித்து எழுதினால் வரி வரும்; கன அடிக்கு, சதுர அடிக்கு, அல்லது முழுக் கட்டடத்துக்கு ஒரே விலையாக எழுதினால் வராது. மாநிலங்களுக்கு இதனால் ஏற்பட்ட வருவாய் இழப்பை 1974-இல் சட்ட ஆணையம் தன் 61-ஆவது அறிக்கையில் ஆராய்ந்தது. இறுதியில் நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தியது. 1982-ஆம் ஆண்டின் 46-ஆவது திருத்தச் சட்டம், பணி ஒப்பந்தத்தில் பயன்படும் சரக்கின் உரிமை மாறுவதையும் சரக்கு விற்பனை மீதான வரி என்ற சொற்றொடருக்குள் கொண்டுவந்தது. உணவு பரிமாறும் ஒப்பந்தங்களையும் அது விட்டுவைக்கவில்லை. ஒரு கம்பெனியின் ஓராண்டுக் கணக்கிலிருந்து பிறந்த தகராறு அரசமைப்புத் திருத்தம்வரை சென்றது இந்திய வரி வரலாற்றில் சாதாரணமாக நடப்பதன்று.

திருத்தத்துக்குப் பிறகும் ஒரு கேள்வி எஞ்சியது: பிரிக்க முடியாததை எப்படிப் பிரிப்பது? இதற்கு விடை தந்த வழக்கிலும் மனுதாரர் கானன் டங்கர்லியே, எதிர்த்தரப்பு இம்முறை ராஜஸ்தான் மாநிலம். 1992 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, சரக்கு கட்டடத்தில் சேரும் நேரத்தில் அதற்குள்ள மதிப்புக்கு மட்டுமே வரி. கூலி, வரைபடச் செலவு, இயந்திர வாடகை, வேலைத்தளத்தின் மின்சாரம், தண்ணீர், உழைப்பைச் சார்ந்த இலாபம் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். கணக்கு சரிவர வைக்காத ஒப்பந்தக்காரருக்கு மட்டுமே அரசு நிர்ணயித்த விகிதத்தைப் பயன்படுத்தலாம். விதியில் எழுதிய 30 சதவீதத்தின் இடத்துக்கு உண்மைக் கணக்கு வந்தது இந்தத் தீர்ப்பால்தான். கட்டுமானக் கம்பெனிகளில் அளவுப் புத்தகத்துக்கும், மாதாமாதம் முடிந்த வேலையை அளந்து போடும் ஆர்.ஏ. பில்லுக்கும், ஸ்டோர் பதிவேட்டுக்கும் வரி சார்ந்த கனம் கூடியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் பெரிய ஆலைகளின் கட்டுமானம் தொடங்கிய 1990-களின் பிற்பகுதியில் நடைமுறையில் இருந்தது இந்தக் கணக்குமுறை.

இதே காலத்தின் மறுபாதிக் கதை இன்னொரு கம்பெனியினுடையது. டென்மார்க்கின் எஃப்.எல்.ஸ்மித் நிறுவனத்துப் பொறியாளர் சோரன் டூப்ரோ 1934-இல் இந்தியா வந்தது கோயம்புத்தூர் அருகே மதுக்கரை சிமென்ட் ஆலையில் இயந்திரங்களை நிறுவுவதற்காக. தம் நாட்டவரான ஹென்னிங் ஹோல்க்-லார்சனோடு அவர் 1938-இல் பம்பாயில் தொடங்கிய லார்சன் அண்ட் டூப்ரோ, 1944-இல் கட்டுமானத்துக்கென்று எஞ்சினியரிங் கன்ஸ்ட்ரக்‌ஷன் கார்ப்பரேஷன் என்ற தனிக் கம்பெனியை நிறுவியது. ஈ.சி.சி. என்ற மூன்றெழுத்தால் தமிழகத்துப் பொறியியல் மாணவர்கள் பல தலைமுறையாக அறிந்த அந்த நிறுவனம், பின்னர்த் தாய்க் கம்பெனியோடு இணைந்தபோதும் தலைமையகத்தைச் சென்னை மணப்பாக்கத்திலேயே வைத்துக்கொண்டது. கிண்டி பொறியியல் கல்லூரியில் முதுகலை பயின்று 1962-இல் அதில் சேர்ந்த ஏ.ராமகிருஷ்ணா, ஒரே வகைப் பலகை, முட்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறைப்படுத்தப்பட்ட சென்ட்ரிங் போன்றவற்றை வேரூன்றச் செய்த தலைவராகப் போற்றப்படுகிறார். 1986-இல் திறக்கப்பட்ட தில்லி தாமரைக் கோயிலின் 27 இதழ்களையும் வார்த்தது இந்தக் கம்பெனியே. துருக்கறை வெண்காங்கிரீட்டில் படியாமலிருக்கக் கம்பிக்குத் துத்தநாகப் பூச்சுக் கொடுத்து, கோடை வெப்பத்தில் கலவை வெடிக்காமலிருக்க ஐஸ் சேர்த்து, ஒவ்வோர் இதழையும் இடையில் நிறுத்தாமல் வார்த்திருக்கிறார்கள். அத்தனை நுட்பத்துக்கும் நடுவே கலவை மேலே போனது தலைச்சுமையாக. 1993-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தை இதே நிறுவனம் 260 நாட்களில் முடித்தது.

வரிச் சட்டத்தில் கானன் டங்கர்லி விட்ட இடத்திலிருந்து வழக்காடியதும் லார்சன் அண்ட் டூப்ரோதான். மத்திய அரசு 2004 செப்டம்பரில் வணிக, தொழிற்சாலைக் கட்டுமானத்தின் மீது சேவை வரி விதித்தது; பணி ஒப்பந்தத்தைத் தனி இனமாகச் சட்டத்தில் சேர்த்தது 2007 ஜூன் 1-இல். இடைப்பட்ட காலத்தில் முடிந்த கலப்பு ஒப்பந்தங்களுக்குச் சேவை வரி உண்டா என்ற கேள்விக்கு, 2015-இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்று விடையளித்தது. பொருளையும் சேவையையும் பிரிக்கும் முறை சட்டத்திலேயே இல்லாதபோது வரி விதிக்க முடியாது என்ற அந்தத் தீர்ப்பு 1992-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மேல் நின்றது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை எழுந்து 2006-இல் உற்பத்தி தொடங்கியது அந்த இடைக்காலத்தில்தான் என்பதை எண்ணிப்பார்த்தால், நாட்டின் தொழிற்பகுதிகளில் கட்டிமுடித்த எத்தனை ஒப்பந்தக்காரர்களின் கணக்கு இந்த ஒரு விடைக்காகக் காத்திருந்திருக்கும் என்பது புரியும்.

2017 ஜூலை 1-இல் வந்த ஜிஎஸ்டி, அசையாச் சொத்து தொடர்பான பணி ஒப்பந்தத்தை முழுதும் சேவையென்றே வகைப்படுத்தி, வெங்கடராம அய்யர் பிரிக்க முடியாதது என்று சொன்னதை மீண்டும் ஒன்றாக்கியது. ஆனால் பிரிவினை ஒழியவில்லை. ஒப்பந்தக்காரரின் பில்லிலிருந்து ஆலை முதலாளியின் கணக்குக்கு அது இடம்பெயர்ந்தது. வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியை, விற்கும் பொருளுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதிக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். ஆலைக் கட்டடத்துக்கு இந்த வரவு கிடையாது. இயந்திரத்துக்கும் அதைத் தாங்கும் அடித்தளத்துக்கும் தாங்கு சட்டத்துக்கும் உண்டு. ஆகவே ஒரகடத்தில் ஒரே கூரையின் கீழ், ஒரே ரெடிமிக்ஸ் லாரியிலிருந்து, ஒரே நாளில் ஊற்றப்படும் காங்கிரீட்டில், தகடு அழுத்தும் பிரஸ் உட்காரும் அடித்தளத்துக்கான கலவைக்கு வரி வரவு உண்டு, பக்கத்துத் தூணுக்கான கலவைக்கு இல்லை. இரண்டையும் தனித்தனியாக அளந்து, தனித்தனி இனமாகப் பில் போடும்படி முதலாளித் தரப்பின் கணக்காளர் கேட்பதற்குக் காரணம் இதுவே. 2024 அக்டோபரில் ஒடிசாவின் சஃபாரி ரிட்ரீட்ஸ் வழக்கில், கட்டடமே தொழிலுக்கான கருவியாகச் செயல்படும்போது அதையும் ‘ஆலை’ எனக் கருத வாய்ப்புண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், 2017-இலிருந்தே செல்லுபடியாகும் ஒரு திருத்தத்தால் அந்த வாசலை மூடிவிட்டது.

இந்த முக்கால் நூற்றாண்டு வாதத்தில் சிமென்டும் கம்பியும் பெற்ற கவனத்தை அவற்றைக் கையாண்ட மனிதர்கள் பெறவில்லை என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. விற்பனை வரிக் கணக்கில் உழைப்பு எப்போதும் கழிக்க வேண்டிய தொகையாகவே வந்தது. அந்தப் போக்குக்கு மாறான ஏற்பாடு தமிழகத்தில் தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டத்தால் பிறந்தது: 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், அதன் கீழ் 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் நாட்டுக்கே முன்மாதிரி. 1996-இல் வந்த மத்தியச் சட்டம் கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம்வரை தொழிலாளர் நலத்துக்கென்று வசூலிக்க வழிசெய்தது. நடைமுறையில் நிர்ணயமானது 1 சதவீதம். இங்கே எதுவும் கழிக்கப்படுவதில்லை. நிலத்தின் விலையும் இழப்பீடும் நீங்கலான முழுச் செலவும் கணக்கில் வருகிறது. ஆயிரம் கோடியில் கட்டுமானம் நடந்தால் 10 கோடி ரூபாய் அந்த நிதிக்குப் போக வேண்டும்.

அந்த நிதியிலிருந்து உதவி பெற, தொழிலாளி 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டுமான வேலை செய்ததற்குச் சான்று காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் வகுத்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஒரகடத்தில் ஒரு கூரை முடிந்ததும் அடுத்த மாநிலத்தின் வேலைத்தளத்துக்குப் போகும் கம்பி கட்டுபவருக்கு அந்தச் சான்றைத் தருவது யார் என்பது இன்னும் தீராத வழக்கு. ஆலைத் தொழிலாளர்களுக்கு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை சிப்காட் திறந்தது உண்மையிலேயே பாராட்ட வேண்டிய செயல். ஆனால் இத்தகைய கட்டடங்களைக் கட்டுபவர்கள் வேலை நடக்கும் மாதங்களில் தங்குவது பெரும்பாலும் தகரக் கொட்டகைகளில். தற்காலிக இருப்பிடத்தை வேலையளிப்பவர் இலவசமாக அமைத்துத்தர வேண்டும் என்பதும், அந்த இருப்பிடத்தில் தனிச் சமையலிடமும் குளியலறையும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்பதும் அதே 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னவை. ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே கட்டட வேலையின் இனங்களோடு இந்த இருப்பிடத்தையும் அளந்து பில் போடக்கூடிய ஓர் இனமாகச் சேர்த்து எழுதுவதற்கு எந்த வரிச் சட்டமும் தடையாக இல்லை.